மாம்பழக் காம்புல பூக்குற கருப்பு பூசணம்: பார்த்து, புரிஞ்சு, லேப் வரைக்கும் கொண்டு போக ஒரு வழிகாட்டி

மாம்பழ சீசன்ல சேலத்துல பாதி வீட்டுல ஒரு மூலையில வைக்கோல் போட்டு மல்கோவாவோ கிளிமூக்கோ பழுக்க வெச்சிருப்பாங்க, அதுல ஒண்ணு ரெண்டு பழத்துக்கு காம்பு பக்கமா கருப்பு பொடி பூத்துரும், எடுத்து குப்பையில போட்டுட்டு மத்த பழத்த தொடச்சு வெச்சுருவோம். சின்ன வெங்காயம் உரிக்கும்போது ஒரு தோலுக்கும் அடுத்த தோலுக்கும் நடுவுல விரல்ல கரியா ஒட்டுமே, அதுவும் பெரும்பாலும் இதே கூட்டம்தாங்க. பேரு ஆஸ்பர்ஜில்லஸ் நைகர். உலகம் பூரா இன்னைக்கு விக்கிற சிட்ரிக் ஆசிட், வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல வரும், அதுல கிட்டத்தட்ட எல்லாமே இந்த பூசணத்த வெச்சுத்தான் தயாராகுது. ஜாம், ஸ்குவாஷ், ஓஆர்எஸ் பாக்கெட், சுகர் டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப், நாமக்கல் கோழிக்கு போடற தீவனம்னு இது கை வெக்காத இடம் கம்மி.

நான் சேலத்துல காலேஜ் பசங்களுக்கு மைக்ரோபயாலஜி லேப் எடுக்கறவன். ஃபர்ஸ்ட் இயர் பசங்க, ஸ்கூல் டீச்சர்ஸ், ஆர்வத்துல கேக்குற வீட்டுக்காரங்க, எல்லாருக்கும் ஒரே இடத்துல எழுதி வெச்சா உதவும்னு தோணுச்சு. வீட்டுல என்ன செய்யலாம், லேப்லதான் எதை செய்யணும், எதை தொடவே கூடாது, மூணையும் பிரிச்சே சொல்றேன்.

மொதல்ல பாதுகாப்பு

இந்த பகுதிய தாண்டி போகாதீங்க. அந்த கருப்பு பொடி பூராவும் பூசணத்தோட விதைத்தூள் (புக்குல ஸ்போர்னு இருக்கும்), ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல 200-ல ஒரு பங்கு சைஸ்தான் இருக்கும், ஊதினா பறக்கும், மூச்சுல உள்ள போகும். நல்லா இருக்கறவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, தினமும் இந்த தூள நாம எல்லாருமே சுவாசிக்கத்தான் செய்யறோம். ஆனா ஆஸ்துமா இருக்கறவங்க, முன்னாடி டிபி வந்து நுரையீரல் பாதிச்சவங்க, கீமோ எடுக்கறவங்க, கிட்னி மாத்தி மருந்து சாப்பிடறவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்ட்ல இருக்கறவங்க இந்த வேலைக்கே வர வேண்டாம், வீட்டுல அப்படி யாராவது இருந்தா வீட்டுல செய்யவே வேண்டாம். காதுக்குள்ள பூசணம் புடிச்சு அரிப்பு வர்றதுக்கும் இந்த நைகர் ஒரு முக்கிய காரணம், அதனால பூசணத்த தொட்ட கையோட காத குடையக் கூடாது.

இன்னொண்ணும் தெளிவா சொல்லிடறேன். 2021-ல கொரோனா ரெண்டாவது அலையில கருப்பு பூஞ்சைனு எல்லாரும் பயந்தோமே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது மியூகார்மைக்கோசிஸ், ரைசோபஸ் மாதிரி வேற வகை பூசணத்தால வர்றது. மாம்பழத்துல இருக்கற கருப்பு பொடிய பார்த்து அந்த நோய் வந்துரும்னு கொழந்தைங்கள பயமுறுத்த வேண்டாம்.

பழம் தேடறது

ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும்தான் சுலபம். உழவர் சந்தையிலயோ கடைவீதியிலயோ கழிச்சு வெக்கற கூடையில ஒரு பழம் கேட்டா சும்மாவே குடுப்பாங்க. காம்பு ஒடிஞ்சு பால் வடிஞ்ச பழம், கீழ விழுந்து அடிபட்ட பழம், தோல் கீறின பழம், இதுல எது கெடச்சாலும் சரி. முழுசா இருக்கற தோல ஓட்டை போட்டு உள்ள போற அளவுக்கு இந்த பூசணத்துக்கு சாமர்த்தியம் கெடையாது, காயம் வழியாத்தான் நுழையும். அதனாலதான் பறிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் காம்போட பறிக்கணும்னு தோட்டத்துல சொல்லுவாங்க, பால் வடியறதும் கம்மி, காம்பு வழியா அழுகறதும் கம்மி. சீசன் இல்லாதப்போ திராட்சை, மாதுளை, வெங்காயம் எதுலயாவது தேடுங்க.

ஏற்காட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். அங்க ஆரஞ்சுல, கொய்யாவுல வர்ற பூசணம் முக்கால்வாசி பச்சை, நீலமாத்தான் இருக்கும், கருப்ப தேடி அலைவீங்க. காரணம் வெயில். நைகருக்கு 35 டிகிரி பக்கம் இருந்தாத்தான் குஷி, 45 தாண்டியும் தாக்குப் புடிக்கும், ஆரஞ்சுல வர்ற பச்சை பூசணம் பெனிசிலியம் டிஜிடேட்டம் 24, 25 டிகிரியில நல்லா வளரும், வெயில் ஏறினா சுணங்கிரும். மலை மேல ஒரு வீடு, அடிவாரத்துல ஒரு வீடு பழக்கம் இருந்தா இத ஒரு சோதனையாவே பண்ணலாம், ஒரே கடையில ஒரே கூடையில வாங்கின ஆரஞ்சுல ரெண்டு மேலயும் ரெண்டு கீழயும், நகத்தால ஒரே மாதிரி கீறி டப்பாவுல வெச்சு ஒரு வாரம் பாருங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா என்ன மாறுதுனு டப்பாவே காட்டும். எல்லா தடவையும் சுத்தமா பிரிஞ்சு வராது, நாலஞ்சு டப்பா வெச்சாத்தான் ஒரு போக்கு தெரியும்.

டப்பா

நல்லா தெளிவா தெரியற பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமா இருக்கணும், இல்லன்னா ஜிப் லாக் கவர். அடியில ஈரமான டிஷ்யூ பேப்பர் ஒண்ணு, மேல பழம். மூடின பிறகு சுத்தி செலோ டேப் ஒட்டிருங்க, மேல தேதி, பழம், வாங்கின இடம் மார்க்கர்ல எழுதுங்க. அதுக்கப்புறம் தொறக்கவே கூடாது. சமையலறையில வெக்காதீங்க, கொழந்தை கைக்கு எட்டாத ஷெல்ஃப்ல, நேரா வெயில் படாத இடத்துல வைங்க. சேலத்து ரூம் சூடே போதும்.

தினமும் பார்க்கறது

எனக்கு ரொம்ப புடிச்ச கட்டம் இது. போன் கேமராவுல மாட்டற கிளிப் லென்ஸ் ஆன்லைன்ல மலிவா கெடைக்குது, இல்லன்னா நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. தினமும் அதே நேரத்துக்கு, அதே பக்கத்துல இருந்து டப்பாவுக்கு வெளிய இருந்தே ஒரு போட்டோ.

மொதல் நாள் ஒண்ணும் தெரியாது, காயம் பட்ட இடம் கொஞ்சம் தண்ணி கோத்த மாதிரி பழுப்பா ஆகும். அடுத்து வெள்ளையா மெல்லிசா பஞ்சு. அந்த வெள்ளையில லேசா மஞ்சள் தட்டும், அப்பத்தான் லென்ஸ வெச்சு பொறுமையா பாருங்க, பஞ்சுல இருந்து கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத காம்புங்க நேரா எந்திரிச்சு நிக்கும், ஒவ்வொரு காம்பு நுனியிலயும் குண்டூசி தலை மாதிரி ஒரு உருண்டை, மொதல்ல வெள்ளை, அப்புறம் பழுப்பு, கடைசில கன்னங்கரேல்னு. அந்த உருண்டை மேல பூராவும் விதைங்க சரம் சரமா கோத்து நிக்கும். கொஞ்சம் முத்தினா அந்த சரமெல்லாம் பிளந்து உருண்டை நாலா பக்கமும் வெடிச்ச மாதிரி தெரியும். கருப்பு விதையில மட்டும்தான் இருக்குது, உள்ள ஓடற நூலெல்லாம் வெள்ளையோ இளமஞ்சளோதான். பழத்துக்கு மேல கருப்பு தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உள்ள நூல் ஓடியிருக்கும், கெட்ட இடத்த மட்டும் வெட்டிட்டு மிச்ச மாம்பழத்த சாப்பிடக் கூடாதுனு சொல்றது அதனாலதான்.

வேற எதோடயும் கொழப்பிக்காம இருக்க

ஒரே நாள்ல டப்பா பூரா சாம்பல் கலர் மீசை மாதிரி நூல் நெறஞ்சு, பழம் கொழகொழனு தண்ணி விட்டு, நூல் நுனியில தனித்தனியா கருப்பு புள்ளி இருந்தா அது ரைசோபஸ். பலாச்சுளையில, பிரெட்ல நிறைய பார்க்கலாம். நைகர் இவ்ளோ உயரமா வளராது, பழத்த ஒட்டி பொடியா படர்ந்துதான் இருக்கும்.

மாம்பழத் தோல்ல கருப்பு புள்ளி குழிவா விழுந்து, தொட்டா பொடி ஒட்டலைன்னா அது ஆந்த்ராக்னோஸ், கொலெட்டோட்ரைக்கம்னு வேற ஆளு. ஈரம் இருந்தா அந்த குழியில ஆரஞ்சு கலர்ல கோழை மாதிரி வரும். மரத்துலயே இலை, காய் மேல கரிப்படலமா படிஞ்சு துணியால தொடச்சா போயிடுதுன்னா அது சூட்டி மோல்டுங்கற வேற பூசணம், தத்துப்பூச்சி விடற தேன் மாதிரி கழிவுல வளர்றது, பழத்துக்குள்ள போகாது.

ஆரஞ்சுல ஆலிவ் பச்சை பொடி, அத சுத்தி அகலமா வெள்ளை கரைன்னா டிஜிடேட்டம். நீலம் தட்டினா பெனிசிலியம் இட்டாலிக்கம். பெனிசிலியம்ங்கற பேர பார்த்துட்டு இதுல பெனிசிலின் இருக்குமான்னு பசங்க வருஷா வருஷம் கேப்பாங்க. ஆரஞ்சு பூசணத்துல இருந்து மருந்து எடுக்கல, 1943-ல அமெரிக்காவுல பியோரியா ஊர்ல கெடச்ச ஒரு முலாம்பழத்து பூசணம்தான் பெனிசிலின் உற்பத்திய பெருசாக்குச்சு, அது வேற இனம். பூசணம் புடிச்ச பழத்த புண்ணுல வெச்சு கட்டறது மாதிரி வேலையெல்லாம் யாரும் பண்ணிராதீங்க.

லேப்ல அடுத்தது

இங்க இருந்து வீட்டு வேலை முடிஞ்சுது, டீச்சர் கூட இருக்கணும், மாஸ்க் போடணும், பாதுகாப்பு கேபினெட் இருந்தா அதுக்குள்ளதான் டப்பாவ தொறக்கணும்.

செலோ டேப் ஒரு துண்டு எடுத்து ஒட்டற பக்கத்தால பூசணத்த லேசா தொட்டு, ஸ்லைட்ல லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூங்கற நீல சாயம் ஒரு சொட்டு விட்டு, டேப்ப அது மேல ஒட்டி 40 எக்ஸ் லென்ஸ்ல பாருங்க. வழவழனு காம்பு, நுனியில உருண்டை, உருண்டைய சுத்தி ரெண்டு அடுக்கா சின்ன சின்ன செல்லுங்க, அதுக்கு மேல சொரசொரப்பான உருண்டை விதைங்க. இது நாலும் தெரிஞ்சா நைகர் கூட்டம்னு எழுதலாம். கூட்டம்னுதான் எழுதணும், ஏன்னா ட்யூபிஞ்ஜென்சிஸ், வெல்விட்ஷியேனு அச்சு அசலா இதே மாதிரி இருக்கற இனங்க நிறைய இருக்குது, கால்மாடுலின் ஜீன படிச்சாத்தான் பிரிக்க முடியும். மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டு நைகரேதான்னு ரெக்கார்ட்ல அடிச்சு எழுதற பழக்கத்த இப்பவே விட்டுருங்க.

ஆசிட் விடுதான்னு கண்ணால பார்க்க ஒரு அழகான சோதனை இருக்கு. சர்க்கரை சேர்த்த அகார்ல (பூசணம் வளர்க்கற ஜெல்லி) புரோமோகிரசால் க்ரீன்ங்கற, ஆசிட் பட்டா நிறம் மாற்ற சாயத்த கலந்து தட்டு ஊத்துங்க, நீலமா இருக்கும். நடுவுல பூசணத்த வெச்சு 30 டிகிரியில விட்டா வளர வளர சுத்தி மஞ்சள் வட்டம் விரியும், பிஹெச் (புளிப்பு கூடக் கூட எறங்கற அளவு) 3.8-க்கு கீழ எறங்கிருச்சுனு அர்த்தம். அந்த மஞ்சள் பூராவும் சிட்ரிக்னு எடுத்துக்காதீங்க, ஆக்சாலிக்கும் குளுகோனிக்கும் இதே பூசணம் விடும்.

சர்க்கரை எப்படி ஆசிட் ஆகுது

1784-ல ஷீலேங்கற வேதியியலாளர் எலுமிச்சை சாறுல இருந்து சிட்ரிக் ஆசிட படிகமா பிரிச்சாரு, அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு உலகம் பெரும்பாலும் இத்தாலி எலுமிச்சைய நம்பித்தான் இருந்துச்சு. 1917-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கர்ரி ஒரு விஷயத்த எழுதினாரு, சர்க்கரை அதிகமா போட்டு, சத்த கம்மியா குடுத்து, தண்ணிய ஆரம்பத்துலயே நல்லா புளிப்பா வெச்சா நைகர் சிட்ரிக் ஆசிட கொட்டித் தீர்க்குதுனு. ரெண்டே வருஷத்துல, 1919-ல, ஃபைசர் கம்பெனி அத ஃபேக்டரியில ஆரம்பிச்சாங்க.

இதுல என்ன நடக்குதுன்னா, நாம ஸ்கூல்ல படிச்ச, செல்லு சக்தி எடுக்கற கிரெப்ஸ் சைக்கிள்ல சிட்ரிக் ஆசிட் எல்லா செல்லுலயும் வந்து வந்து போற பொருள்தான், தேங்காது. சர்க்கரை வெள்ளமா வந்து, காத்து நிறைய இருந்து, மாங்கனீசு மட்டும் ரொம்ப கம்மியா இருந்தா பூசணத்தோட கணக்கு மாறிருது, வளர்றத குறைச்சுக்கிட்டு சிட்ரிக்க வெளிய தள்ளுது. மாங்கனீசு ஒரு துளி கூடினாலும் மகசூல் விழும். பிஹெச் ஏறிட்டா சிட்ரிக்குக்கு பதிலா ஆக்சாலிக்கும் குளுகோனிக்கும் வந்துரும். இவ்ளோ கச்சிதமா கட்டுப்படுத்தணுங்கறதாலதான் இது குடத்துல ஊற வெக்கற வேலை கெடையாதுனு சொல்றேன்.

கடைசில பூசணத்த வடிகட்டி எடுத்துட்டு, தண்ணியில சுண்ணாம்பு சேர்த்து கால்சியம் சிட்ரேட்டா படிய வெச்சு, கந்தக அமிலத்தால மறுபடியும் ஆசிடா மாத்தி, படிகமாக்கறாங்க. பாக்கெட்ல ஐஎன்எஸ் 330-னு போட்டிருக்கறது இதுதான். அந்த பொடியில பூசணம் இருக்காது, பயப்பட ஒண்ணும் இல்ல.

சேலத்துக்காரங்களுக்கு இதுல என்ன

நம்ம ஊரு மரவள்ளி ஊரு. சேகோ ஃபேக்டரிக்காரங்களோட கூட்டுறவு சங்கம் சேகோசர்வ் 1981-ல இருந்து இங்கதான் இருக்கு, ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் இங்க இருந்துதான் நாடு பூரா போகுது. நைகர் விடற குளுக்கோஅமைலேஸ்ங்கற என்சைம் ஸ்டார்ச்ச ஓரத்துல இருந்து ஒவ்வொரு குளுக்கோஸா கழட்டிப் போடும். ஃபேக்டரியில மொதல்ல வேற என்சைம் போட்டு அதிக சூட்டுல கஞ்சிய இளக வெப்பாங்க, அப்புறம் 60 டிகிரிக்கு ஆத்தி, பிஹெச் 4.5 பக்கம் வெச்சு இத சேர்ப்பாங்க, குளுக்கோஸ் ரெடி. இப்ப ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்ட எடுத்து பின்னாடி படிங்க, ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்னு இருக்கும். வயித்துப்போக்குல துவண்டு கெடக்கற கொழந்தைக்கு குடுக்கற அந்த தண்ணியில சிட்ரேட் இந்த பூசணத்தால வந்தது, குளுக்கோஸும் இந்த மாதிரி என்சைம் வேலையில வந்தது. எனக்கு இத ஒவ்வொரு பேட்ச் பசங்களுக்கும் சொல்லும்போது மனசு நெறஞ்சு போகும்.

இத லேப்லயே காட்டலாம். அகார்ல மரவள்ளி ஸ்டார்ச் ஒரு சதவீதம் கலந்து தட்டு ஊத்தி, பூசணம் வெச்சு மூணு நாள் கழிச்சு அயோடின் ஊத்துங்க, தட்டு பூரா கருநீலமாகும், பூசணத்த சுத்தி மட்டும் தெளிவா வட்டம் நிக்கும், அங்க இருந்த ஸ்டார்ச் தீந்துருச்சு.

மத்தத வேகமா சொல்றேன். வீட்டுல சுகர் பார்க்கற ஸ்ட்ரிப்ல நிறைய வகையில குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இருக்கு, 1928-ல ம்யூல்லர் இத நைகர்லதான் கண்டுபிடிச்சாரு. சோளத்துல இருக்கற பாஸ்பரஸ்ல மூணுல ரெண்டு பங்கு பைட்டிக் ஆசிடா பூட்டி கெடக்கும், கோழியால எடுக்க முடியாது, நைகரோட பைட்டேஸ்ங்கற என்சைம் அந்த பூட்ட தொறக்குது, 1991-ல இருந்து தீவனத்துல வருது, எச்சத்துல வீணா போற பாஸ்பரஸும் குறையுது. பழச்சாற தெளிய வெக்கற பெக்டினேஸும் இதோடதுதான், ஏற்காட்டு காபிக்கொட்டை மேல இருக்கற வழவழப்பும் பெக்டின்தான், தொட்டியில ஊற வெச்சு கழட்டற வேலைய இந்த என்சைம் சீக்கிரமா முடிக்கும்.

வீட்டுல இருக்கற பழத்துக்கு

பூசணம் வந்த மாம்பழம், திராட்சை எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. இயற்கையில தானா வளர்ற நைகர்ல சில ரகம் ஓக்ராடாக்சின், ஃப்யூமோனிசின்னு விஷப்பொருள் விடும், கொதிக்க வெச்சா போயிரும்னு நெனைக்காதீங்க, போகாது. வெங்காயத்துல மேல் தோல்ல மட்டும் கரி இருந்து உள்ள கெட்டியா இருந்தா, அந்த தோலையும் அடுத்த தோலையும் ஓடற தண்ணியில உரிச்சு எடுத்துட்டு மிச்சத்த பயன்படுத்தலாம், மெத்துனு ஆயிருந்தா வேண்டாம். சோதனை டப்பாவ தொறக்காமலே இன்னொரு கவர்ல போட்டு கட்டி குப்பைக்கு அனுப்புங்க, லேப் தட்டெல்லாம் 121 டிகிரியில ஆட்டோகிளேவ் பண்ணின (அழுத்தமான நீராவியில கிருமிய கொன்ன) பிறகுதான் வெளிய போகணும்.

ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடறவங்களுக்கு

திப்பிய எடுங்க. ஸ்டார்ச் பிழிஞ்ச பிறகு சேகோ ஃபேக்டரியில மிஞ்சற அந்த நார்ச்சக்கையில இன்னும் ஏகப்பட்ட ஸ்டார்ச் இருக்கு, காய வெச்சு மாட்டுத் தீவனத்துக்குத்தான் பெரும்பாலும் போகுது. மரவள்ளி திப்பியில நைகர வளர்த்து சிட்ரிக் ஆசிட் எடுக்கலாம்னு ஆராய்ச்சியில காட்டியாச்சு, சேலத்து பசங்க இத தொடாம எங்கயோ தூரத்து மூலப்பொருள புடிச்சு தொங்கறது எனக்கு வருத்தம்தான். மாம்பழத்துல புடிச்ச பூசணத்த இதுக்கு பயன்படுத்தாதீங்க, சண்டிகர்ல இருக்கற எம்டிசிசி மாதிரி நுண்ணுயிர் சேகரிப்புல இருந்து பேர் தெரிஞ்ச ரகத்த காலேஜ் மூலமா வாங்குங்க. திப்பிய பொடிச்சு, ஈரப்பதம் 60-ல இருந்து 70 சதவீதம் வர்ற மாதிரி தண்ணி சேர்த்து, ஃபிளாஸ்க்ல ஆட்டோகிளேவ் பண்ணி, ஆறின பிறகு பூசண விதை கலந்த தண்ணி விட்டு 30 டிகிரியில வைங்க. தினமும் ஒரு ஃபிளாஸ்க் எடுத்து தண்ணியில கரைச்சு வடிகட்டி, 10 மில்லி சாறுல ஃபீனால்ஃப்தலீன் ரெண்டு சொட்டு விட்டு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால டைட்ரேட் பண்ணுங்க, இளம் ரோஸ் கலர் நின்னதும் நிறுத்திருங்க. செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 6.4 மில்லிகிராம் சிட்ரிக் ஆசிட்னு கணக்கு. இது மொத்த ஆசிடோட அளவு, சிட்ரிக் மட்டும் எவ்ளோன்னு தனியா தெரியணும்னா எச்பிஎல்சி (கலவையில இருக்கறத தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின்) இருக்கற லேபுக்கு அந்த வடிகட்டின சாற ஃப்ரீசர்ல வெச்சு அனுப்பணும்.